கடைசி வரிசையில் உட்காருபவர் ஏன் அதிகம் அலறுகிறார்?

போன இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தபோது, "ரோலர் கோஸ்டர் ரயிலில் எஞ்சினே கிடையாது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேர் நம்பிவிட்டு மேற்கொண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த வாரம் முழுக்க அதுவே இருக்கட்டும். சமையல் எரிவாயு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எஞ்சின் இல்லாத ரயில் மணிக்கு நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் எப்படி ஓடும்? ரீல் விடாதீர்கள். (வாசகர், ஈரோடு)

ரீல் இல்லை சார். உங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் மோட்டார் போட்டுத் தண்ணீரை மேலே ஏற்றுகிறீர்கள், மோட்டாரை நிறுத்திவிடுகிறீர்கள். மத்தியானம் குளியலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வருகிறது. அப்போது மோட்டாரா ஓடுகிறது? காலையில் அது செய்த வேலைதான் உயரமாக மாறித் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறது. பாடப்புத்தகம் அதை நிலை ஆற்றல் என்கிறது. ரோலர் கோஸ்டரிலும் மோட்டார் உண்டு, ஆனால் அது தரையில் இருக்கிறது. ரயிலைச் சங்கிலியிலோ கேபிளிலோ மாட்டி முதல் மேட்டின் உச்சி வரை இழுத்துவிட்டுக் கழன்றுகொள்ளும். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் குழாயைத் திறந்த கதைதான்.

ஒரு நிஜ உதாரணம் சொல்கிறேன், நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் சீடார் பாயின்ட் என்று ஒரு பூங்கா. அங்கே 2000ஆம் ஆண்டு மில்லினியம் ஃபோர்ஸ் என்ற ரோலர் கோஸ்டரைத் திறந்தார்கள். உயரம் 310 அடி, அதில் முதல் இறக்கம் மட்டும் 300 அடி, அதாவது ஏறக்குறைய 91 மீட்டர். உயரம் முழுவதும் வேகமாக மாறினால் எவ்வளவு வேகம் வரும் என்பதற்கு ஒரே வரிச் சூத்திரம்: இரண்டையும் 9.8ஐயும் உயரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 2 × 9.8 × 91 என்றால் 1,783 சொச்சம். வர்க்கமூலம் 42.2. நொடிக்கு 42.2 மீட்டர் என்பது மணிக்கு 152 கிலோமீட்டர். அந்த ரோலர் கோஸ்டரின் அறிவிக்கப்பட்ட வேகம் மணிக்கு 93 மைல், அதாவது 150 கிலோமீட்டர். தாளில் போட்ட கணக்குக்கும் இரும்பில் ஓடும் ரயிலுக்கும் இடையே வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் ஒரு சின்னச் சிலிர்ப்பு வரும்.

கேள்வி: ஆற்றலை அழிக்க முடியாது என்று படித்தோம். அப்படியென்றால் ஒரு மேட்டிலிருந்து இறங்கிய ரயில் அதே உயரமுள்ள அடுத்த மேட்டில் ஏற வேண்டுமே? ஏன் ஒவ்வொரு மேடும் சின்னதாகிக்கொண்டே போகிறது? (பத்தாம் வகுப்பு மாணவர், விருத்தாசலம்)

அழியவில்லை தம்பி, வேறு இடத்துக்குப் போய்விட்டது. ரயில் பக்கத்தில் வரும்போது ஒரு பெரிய உறுமல் கேட்கும், தண்டவாளத்தைத் தாங்கும் தூண்கள் அதிரும். அது கொஞ்சம். சக்கரங்களும் அவற்றின் பேரிங்குகளும் சூடாகும், அது கொஞ்சம். பெரிய திருடன் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும், அதனால் ரயில் எங்கே வேகமாக ஓடுகிறதோ அங்கேதான் அதிகம் பறிபோகிறது. இப்படி வெப்பமாகவும் சத்தமாகவும் போனதையெல்லாம் கூட்டினால் கணக்கு சரியாக வரும், ஆனால் அதைத் திரும்பப் பிடித்து ரயிலை மேலே ஏற்ற முடியாது.

உங்கள் வினாத்தாளில் "உராய்வு புறக்கணிக்கத்தக்கது" என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள், அது மதிப்பெண் வாங்க மட்டும். அந்த வரியை நம்பி யாரும் ரோலர் கோஸ்டர் கட்டுவதில்லை.

கேள்வி: என் நண்பன் 110 கிலோ. அவன் ஏறினால் ரயில் வேகமாக இறங்குமா? அவன் மனம் புண்படாமல் பதில் சொல்லவும். (வாசகி, திண்டுக்கல்)

பள்ளிக்கூடக் கணக்குப்படி இறங்காது. எடை கூடினால் மேலே சேரும் ஆற்றலும் கூடும், ஆனால் அந்த எடையை வேகமாக ஓட்டவும் அதே அளவு கூடுதல் ஆற்றல் வேண்டும். சமன்பாட்டில் நிறை இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுப் போய்விடும். உங்கள் நண்பரும் நீங்களும் சமம்.

ஆனால் காற்றுக்கு உங்கள் நண்பரின் எடை தெரியாது. காலி ரயிலையும் நிறைந்த ரயிலையும் காற்று ஏறக்குறைய ஒரே அளவில்தான் தடுக்கிறது. அதே தடையைக் கனமான ரயில் லேசாக எடுத்துக்கொள்ளும், காலி ரயில் திணறும். அதனால் நிஜத்தில் ஆள் நிறைந்த ரயில் கொஞ்சம் வேகமாகவே ஓடும். காலை நேரத்துக்கும் சாயங்காலத்துக்கும்கூட வித்தியாசம் உண்டு: குளிர்ந்த காலையில் பேரிங்கில் கிரீஸ் இறுகியிருக்கும், நாலைந்து சுற்று ஓடி சூடேறிய பிறகு ரயில் வழுக்கிக்கொண்டு போகும். ஆள் ஏற்றுவதற்கு முன்னால் சோதனை ஓட்டம் விடுகிறார்களே, அதில் சிலசமயம் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகளை உட்கார வைப்பார்கள். எடையோடு ஓடினால் எப்படி ஓடும் என்று தெரிய வேண்டுமே.

கேள்வி: முன்சீட்டா, பின்சீட்டா? எங்கள் வீட்டில் இதற்குச் சண்டையே நடக்கிறது. முன்னால்தான் பயம் என்கிறார் என் கணவர், பின்னால்தான் வயிற்றைப் புரட்டுகிறது என்கிறாள் என் மகள். ஒரே ரயில்தானே, எல்லாப் பெட்டியும் ஒரே வேகத்தில்தானே போகும்? (வாசகி, மதுரை)

கடைசியாகக் கேட்டீர்களே, அதுதான் வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி. ஆமாம், எல்லாப் பெட்டியும் எந்த நொடியிலும் ஒரே வேகத்தில்தான் போகும், ஒன்றோடொன்று கோத்திருக்கிறதே. ஆனால் எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் போகாது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெட்டி உச்சிக்கு வந்து மூக்கைக் கீழே நீட்டும்போது பின்னால் மீதி ரயில் முழுக்க இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, சங்கிலி அதைத் தன் வேகத்திலேயே இழுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் உங்கள் கணவர் உச்சியைத் தாண்டியும் விழவில்லை. ஆட்டோ மெதுவாக ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்குகிற மாதிரி, எதிரே ஒன்றுமே இல்லாமல், கீழே தெரிகிற தண்டவாளத்தைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டிருப்பார். அவர் பயம் கண்ணால் வருகிற பயம். ரயிலின் நடுப்பகுதி உச்சியைத் தாண்டிய பிறகுதான் முன்பாதியின் எடை பின்பாதியை இழுக்க ஆரம்பிக்கிறது, ரயில் சங்கிலியை விட்டு ஓடுகிறது. உங்கள் மகள் உட்கார்ந்திருக்கும் கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும் நேரத்தில் ரயிலின் நடுப்பகுதி, சும்மா ஒரு கணக்குக்கு, 5 மீட்டர் இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். அதே பழைய சூத்திரம்: 2 × 9.8 × 5, வர்க்கமூலம் ஏறக்குறைய 10. நொடிக்கு 10 மீட்டர், மணிக்கு 36 கிலோமீட்டர். அதாவது கணவர் நடக்கிற வேகத்தில் கடந்த அதே உச்சியை மகள் பைக் வேகத்தில் கடக்கிறாள்.

அங்கேதான் விஷயம். அந்த வேகத்தில் உச்சியைத் தாண்டும் உடம்பு நேராகப் போகத்தான் பார்க்கும், தண்டவாளமோ சட்டென்று கீழே வளைந்துவிட்டது. சீட் அவளை விட்டுக் கீழே போகிறது, அவள் எழும்புகிறாள், மடிக்கம்பி அவளைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. எடை என்று நாம் தினமும் உணர்வது பூமி நம்மை இழுப்பதை அல்ல, நாற்காலியோ தரையோ நம்மைத் திருப்பித் தள்ளுவதைத்தான். சீட் தள்ளுவதை நிறுத்தினால் எடை காணாமல் போய்விடும். வயிற்றுக்குள் இருப்பவையும் அதுவரை ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருந்தவை, அவையும் சேர்ந்து எழும்பும். வயிறு வாய்க்கு வந்துவிட்டது என்று சொல்கிறோமே, பாதி உண்மை.

முதல் மேட்டுக்கு இதுதான் தீர்ப்பு. அடுத்து வரும் மேடுகளில் சங்கிலி கிடையாது, அங்கே கதை மாறும், இதைப் பலர் கவனிப்பதில்லை. ரயிலின் நடுப்பகுதி மேட்டின் உச்சியில் இருக்கும்போதுதான் மொத்த ரயிலும் மிக மெதுவாக ஓடும். அதனால் உச்சியை மிக மெதுவாகக் கடப்பவர் நடுவரிசைக்காரர். முன்வரிசைக்காரரும் கடைசி வரிசைக்காரரும் அதைவிட வேகமாக, ஏறக்குறைய ஒரே வேகத்தில் கடப்பார்கள், ஆனால் முன்னவர் தாண்டியதும் ரயில் வேகம் குறைந்துகொண்டிருக்கும், பின்னவர் தாண்டும்போது வேகம் ஏறிக்கொண்டிருக்கும். பள்ளத்தில் எல்லாம் தலைகீழ்: நடுப்பகுதி பள்ளத்தின் அடியில் இருக்கும்போதுதான் ரயில் உச்ச வேகத்தில் இருக்கும், ஆகவே அங்கே அதிகமாக அழுத்தப்படுபவர் நடுவரிசைக்காரர்.

வீட்டில் சமாதானம் வேண்டுமென்றால் நீங்கள் நடுவில் உட்காருங்கள். பள்ளம் வரும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் பயம் தருவது வேகம் இல்லையா? (வாசகர், கும்பகோணம்)

இல்லை. விமானம் மணிக்கு 800 கிலோமீட்டரில் போகும்போது உள்ளே மடிமேஜையில் காபி ஆடாமல் நிற்கிறது. உடம்புக்கு வேகத்தை அளக்கும் கருவியே கிடையாது, வேகமும் திசையும் மாறுவதை மட்டும்தான் அது உணரும். உயரம் எவ்வளவு வேகம் தரும் என்பதைத்தான் ஆற்றல் கணக்கு சொல்லும். அந்த வேகத்தை எங்கே, எவ்வளவு இறுக்கமாக வளைப்பது என்பது தண்டவாளம் வரைபவர் கையில் இருக்கிறது. மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும் ரயிலை 60 மீட்டர் ஆரமுள்ள பள்ளத்தில் வளைத்தால் உங்கள் எடை ஏறக்குறைய நான்கு மடங்காகத் தெரியும், 70 கிலோ ஆள் 280 கிலோவாக உணர்வார். அதே வேகத்தில் 600 மீட்டர் ஆரத்தில் வளைத்தால் 70 கிலோ 90 கிலோவாகும், அவ்வளவுதான். பக்கத்து சீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே போகலாம்.

கேள்வி: தலைகீழாகப் போகும்போது ஏன் விழுவதில்லை? பெல்ட் அறுந்தால்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

ஐயா, வாளியில் தண்ணீர் எடுத்துத் தலைக்கு மேல் சுற்றிக் காட்டிய வித்தையை நீங்களே வகுப்பில் செய்திருப்பீர்கள். அதில் எல்லாரும் தண்ணீர் விழவில்லை என்பார்கள். விழத்தான் செய்கிறது. அது விழுவதைவிட வேகமாக வாளி கீழ்நோக்கி வளைந்து வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ரயிலும் அப்படியே: வளையத்தின் உச்சியில் போதிய வேகம் இருந்தால் சீட்தான் உங்களைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும், பெல்ட்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. பெல்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை! ரயில் ஏதோ காரணத்தால் மெதுவாகப் போனாலோ நின்றாலோ அதுதான் கதி.

சுவாரசியம் இதற்குப் பிறகுதான். 1895இல் நியூயார்க்கின் கோனி தீவில் ஃபிளிப் ஃபிளாப் என்ற பெயரில் ஒரு வளையம் கட்டினார்கள். சுத்தமான வட்டம், விட்டம் ஏறக்குறைய 25 அடி. ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அதன் அழுத்தம் எடையைப்போல 12 மடங்கு வரை போனதாகச் சொல்வார்கள். போர் விமானிகள்கூட தனி உடை போட்டுக்கொண்டு 9 மடங்கு வரைதான் தாங்குகிறார்கள்.

சின்ன வட்டம் என்பதால் அப்படி, பெரிதாகக் கட்டியிருந்தால் சரியாகியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன், தாளில் போட்டுப் பார்க்கிற வரை. வட்டத்தின் உச்சியை ரயில் தட்டுத்தடுமாறித் தாண்டுவதற்கே ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அந்த வேகத்தோடு, உச்சியிலிருந்து அடிவரை உயரம் இறங்குவதால் சேரும் வேகத்தையும் கூட்டினால், அடியில் அழுத்தம் சரியாக எடையின் 6 மடங்கு வரும். கணக்கில் ஆரம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. 25 அடி வட்டமானாலும் சரி, 250 அடி வட்டமானாலும் சரி, 6 மடங்குக்குக் கீழே கொண்டுவரவே முடியாது. அதுவும் நேர்த் தண்டவாளத்திலிருந்து வட்டத்துக்குள் நுழைந்த அடுத்த கணமே மொத்தமும் வந்து விழும், கழுத்து என்ன ஆகும்?

தப்பிக்க ஒரே வழி, வட்டத்தை விட்டுவிடுவது. 1901இல் அதே கோனி தீவில் நீள்வட்டத்தை முயன்று பார்த்தார்கள், கொஞ்சம் தேவலாம் என்கிற நிலைக்கு வந்தது. சரியான விடை கிடைத்தது 1976இல். கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் திறந்த ரெவல்யூஷன் என்ற ரோலர் கோஸ்டருக்கு, வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர் க்ளோத்தாய்டு என்ற வளைகோட்டைப் பயன்படுத்தினார். நெடுஞ்சாலையில் நேர்ச் சாலையிலிருந்து வளைவுக்குள் வண்டி குலுங்காமல் நுழைவதற்குப் பயன்படும் அதே கோடு. ரயில் வேகமாக இருக்கும் அடிப்பகுதியில் விரிந்த வளைவு, வேகம் செத்துப்போன உச்சியில் இறுக்கமான வளைவு. எங்கே வேகம் அதிகமோ அங்கே குறைவாக வளை, அவ்வளவுதான் தத்துவம். அதனால்தான் இன்று எந்த வளையத்தைப் பார்த்தாலும் தலைகீழாகப் பிடித்த நீர்த்துளி மாதிரி இருக்கிறது. திறந்த புதிதில் ரெவல்யூஷனில் மடிக்கு மேல் ஒரு கம்பி மட்டும்தான், தோள்பிடி கிடையாது.

கேள்வி: பாதி மேட்டில் ஏற முடியாமல் ரயில் பின்னால் வந்துவிட்டால்? (வாசகர், சேலம்)

வந்திருக்கிறது. அதற்காகவே காத்திருந்து ஏறிய ரசிகர்களும் உண்டு.

முதலில் சங்கிலி மேடு. ஏறும்போது "டக் டக் டக்" என்று ஒரு சத்தம் வருமே, பலரும் அது சங்கிலியின் சத்தம் என்று நினைக்கிறார்கள். ரயிலுக்கு அடியில் ஒரு இரும்பு நாக்கு இருக்கிறது, தண்டவாளத்துக்கு நடுவில் உள்ள பற்களில் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வரும் சத்தம் அது. சங்கிலி அறுந்தாலும் ரயில் ஒரு பல் அளவுக்கு மேல் பின்னால் வராது. 1910 வாக்கில் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. ரயில் தண்டவாளத்தை விட்டு எழும்பாமல் இருக்க அடியிலிருந்தும் ஒரு சக்கரம் கவ்விக்கொண்டிருக்கிறதே, அதுவும் அவருடையதுதான். அது இல்லாவிட்டால் உங்கள் வயிறு மட்டுமல்ல, ரயிலே எழும்பியிருக்கும்.

இன்னொரு வகையில் சங்கிலி கிடையாது. நியூஜெர்சியில் 2005இல் திறந்த கிங்டா கா அப்படிப்பட்டது. உயரம் 139 மீட்டர். தரையிலேயே மூன்றரை நொடியில் ரயிலை மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்துக்குச் செலுத்தி, செங்குத்தாக நிற்கும் கோபுரத்தின் மேல் ஏவிவிடுவார்கள். இங்கே முதலில் வேகம், பிறகு உயரம். சூத்திரத்தைத் திருப்பிப் போடுங்கள்: 206 கிலோமீட்டர் வேகத்துக்கு உராய்வே இல்லாவிட்டால் 167 மீட்டர் ஏறலாம். கோபுரம் 139. ஆக 28 மீட்டர்தான் கையில் மிச்சம், காற்றுக்கும் உராய்வுக்கும் கொடுத்தது போக மீதி இருப்பதில்தான் உச்சியைத் தாண்ட வேண்டும். எதிர்க்காற்று கொஞ்சம் பலமாக அடித்தால், அல்லது ஏவும்போது சக்தி கொஞ்சம் குறைந்துவிட்டால், ரயில் உச்சிக்குப் பக்கத்தில் போய் ஒரு கணம் யோசிக்கும், அப்புறம் வந்த வழியே பின்பக்கமாக இறங்கிவிடும். பயப்பட ஒன்றுமில்லை: ரயில் ஏறிப்போனதுமே ஏவுதளத்தில் காந்த பிரேக்குகளுக்கான தகடுகள் எழும்பி நிற்கும், திரும்பி வரும் ரயிலை அவை மெதுவாகப் பிடித்து நிறுத்தும். மறுபடி ஏவுவார்கள். ஒரு டிக்கெட்டில் இரண்டு சவாரி!

அந்த ஏவுதலுக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று பாருங்கள். ரயில் ஆட்களோடு 10 டன் என்று வைத்துக்கொண்டால், தேவையான ஆற்றல் வெறும் நாலரை யூனிட் மின்சாரம். ஆனால் அதை மூன்றரை நொடிக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு 6,000 குதிரைசக்திக்கு மேல் வேண்டும், சென்னையிலிருந்து 24 பெட்டி எக்ஸ்பிரஸை இழுத்துக்கொண்டு கிளம்பும் மின்சார எஞ்சினின் முழு பலம். அவ்வளவையும் மின்கம்பியிலிருந்து திடீரென்று உறிஞ்ச முடியாது. அதனால் பம்புகள் சாவகாசமாக எண்ணெயைத் தள்ளி நைட்ரஜன் வாயுவை அழுத்தி வைக்கும், நேரம் வந்ததும் அந்த வாயு விரிந்து ஒரே வீச்சில் கேபிளைச் சுருட்டும். கவணில் ரப்பரை மெதுவாக இழுத்துச் சட்டென்று விடுவதுதான்.

கிங்டா கா இப்போது இல்லை. 2024 கடைசியில் மூடி, 2025 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். 139 மீட்டருக்கு ஏறி ஏறி இறங்கிய இடம் சில நொடிகளில் குப்பையானது.

கேள்வி: இதை முதலில் யார் கண்டுபிடித்தார்? (வாசகர், புதுச்சேரி)

ரஷ்யர்கள். குளிர்காலத்தில் மரச்சாரம் கட்டி, அதில் தண்ணீர் ஊற்றி உறையவைத்துச் சறுக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ரோலர் கோஸ்டரை "ரஷ்ய மலைகள்" என்கிறார்கள், உங்கள் ஊரிலும் பிரெஞ்சு தெரிந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரஷ்யர்கள் அதையே "அமெரிக்க மலைகள்" என்கிறார்கள். யாரும் பொறுப்பேற்கத் தயாராக இல்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1827ஆம் ஆண்டுக் கதை. பென்சில்வேனியாவில் மாக் சங்க் என்ற ஊரில் மலைமேல் நிலக்கரி. அதைத் தாங்கிய பெட்டிகள் தண்டவாளத்தில் தாமாகவே உருண்டு கீழே வரும், காலிப் பெட்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப் போகும். கழுதைகள் கீழே வருவது எப்படி? அவையும் பெட்டியில் ஏறித்தான் வந்தன, நிலக்கரிக்குப் பின்னால், காற்று வாங்கிக்கொண்டு. ஆற்றல் கணக்கை இதைவிட நன்றாக யாரும் விளக்க முடியாது: தின்ற புல் தசையில் சேர்ந்து, உயரமாக மாறி, வேகமாகத் திரும்பி வருகிறது. பிற்பாடு அதே பாதையில் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்து ஏறினார்கள். 1884இல் லாமார்கஸ் தாம்சன் கோனி தீவில் 5 சென்ட் கட்டணத்தில் திறந்த சவாரியில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்காகச் சனங்கள் தாங்களே படியேறி மேலே போய் உட்கார வேண்டும். கழுதை செய்த வேலையை அங்கே கால்கள் செய்தன.

கேள்வி: கடைசியில் ரயிலை நிறுத்தும்போது அவ்வளவு ஆற்றலும் வீண்தானே? மின்சாரமாக மாற்றக்கூடாதா? (பொறியியல் மாணவி, கோவை)

இப்போதெல்லாம் பெரும்பாலும் காந்தம்தான் நிறுத்துகிறது. தடத்தில் ஒரு செம்புத் தகடு, ரயிலில் வலுவான நிரந்தரக் காந்தங்கள் (சில இடங்களில் மாறியும் இருக்கும்). காந்தம் தகட்டைக் கடக்கும்போது தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கும். நீங்கள் லென்ஸ் விதி படித்திருப்பீர்கள். தேய்மானம் இல்லை, கரண்ட் போனாலும் வேலை செய்யும். ஒரே குறை, வேகம் குறையக் குறைய அதன் பிடியும் குறைந்துகொண்டே போகும். ரயிலை ஊர்கிற வேகத்துக்குக் கொண்டுவரும், முழுக்க நிறுத்த வேறு ஒரு பிரேக் வேண்டும்.

வீணா என்று கேட்டீர்கள். மில்லினியம் ஃபோர்ஸ் மாதிரி 91 மீட்டர் இறக்கத்தையும் 10 டன் ரயிலையும் எடுத்துக்கொண்டால், மொத்த ஆற்றல் ஏறக்குறைய இரண்டரை யூனிட். அதில் பெரும்பகுதி வழியிலேயே காற்றிலும் உராய்விலும் போய்விடும், பிரேக்குக்கு வந்து சேருவது மிச்சம்தான். மொத்தத்தையும் பிடித்து அடுப்பில் வைத்தால்கூட 28 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். இரண்டு குடம் வெந்நீர். முப்பத்தாறு பேரை மணிக்கு 150 கிலோமீட்டரில் உருட்டி, பிரார்த்தனை செய்யவைத்து, சிலரை இனி இந்தப் பக்கம் வரவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணவைத்து, எல்லாம் சேர்ந்து இரண்டு குடம் வெந்நீருக்கான ஆற்றல்தான். இதைச் சேமிக்க ஒரு கருவி செய்வதைவிட, பூங்கா வாசலில் இரவு முழுக்க எரியும் விளக்குகளைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பது என் கட்சி.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஏறியிருக்கிறீர்களா? (வாசகி, தூத்துக்குடி)

ஒருமுறை, அக்கா மகன் வற்புறுத்தி. ஊர் பேர் வேண்டாம், ரொம்பச் சின்ன ரோலர் கோஸ்டர், நாலு மேடுதான். சாமான்களை எடுத்து வைத்துவிட்டு ஏறச் சொல்லி வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள், நான் படிக்கவில்லை. கடைசி வரிசை, முதல் மேடு. சட்டைப் பையில் கிடந்த ஒரு ரூபாய் நாணயம் தானாக எழும்பி என் மூக்குக்கு நேராக வந்து நின்றது. விழவில்லை, பறக்கவில்லை, சும்மா மெதுவாகப் புரண்டபடி நின்றது. பூவும் தலையும் மாறி மாறித் தெரிந்தது. நானும் நாணயமும் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தோம், அதனால் அது எனக்கு நின்ற மாதிரி தெரிந்தது என்பதெல்லாம் எனக்கு அப்போதும் தெரியும். ஆனாலும் பிடிக்கலாம் என்று கையை நீட்டினேன், அதற்குள் பள்ளம் வந்து கை தொடையோடு ஒட்டிக்கொண்டது, நாணயம் பின்பக்கம் எங்கேயோ போயிற்று, மூக்குக்கண்ணாடியும் கூடப் போயிற்று. கண்ணாடியை மட்டும் சாயங்காலம் புல்லிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், வலது பக்கக் கண்ணாடி இல்லாமல்.